அண்ணி செய்த கை

எங்கள் ஊரில் பாதிப் பேர் வாய் நிறையச் சிரிப்பது அண்ணியின் கைவேலையால்தான். அது அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் வாயைத் திறந்து அளவெடுத்து அனுப்புவார். மெழுகில் செதுக்கி, ஈறு வார்த்து, பல் பதித்து, உரசிப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது அண்ணி. "நல்லா இருந்தா டாக்டர் பேரு தம்பி, கடிச்சா என் பேரு" என்பார்.

அண்ணி என்கிறேனே தவிர, ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அவர்கள் இருப்பது முதல் மாடி. அந்த மாடிப்படிக்கு அடியில் மூன்றடிக்கு ஆறடி இடத்தில் சாவி போடுகிறவன் நான். இருபது வருஷம் ஒரே படிக்கட்டை மாறி மாறிப் பெருக்கினால் சம்பந்தம் தானாக வந்துவிடும்.

அண்ணன் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு ‘பெல்லு’ என்று பெயர். பள்ளிக்கூட மணியோ சைக்கிள் மணியோ, எது அடித்தாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டுத்தான் உட்காருவார். வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. வேலையில் இருந்த காலத்தில் குழாய் இணைப்பு ஒன்றில் மாட்டிப் போனது. மிச்சமிருக்கிற பாதியில் வீட்டுச் சாவியை மாட்டிச் சுற்றிக்கொண்டே படி இறங்குவார். இரண்டு தடவை சாவி பறந்து சாக்கடையில் விழுந்து எனக்கு வியாபாரம் ஆகியிருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை மதியம், அண்ணன் ஒரு செருப்புப் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்து நனையாமல் கொண்டுவந்தார். என்னையும் மேலே கூப்பிட்டார். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். உடைந்த கைகள் இரண்டு, விரல்கள் தனியே, நசுங்கிப்போன ஒரு பிளாஸ்டிக் கூம்பு.

"இது என்ன, யார் கையை உடைச்சு எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்றார் அண்ணி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

விஷயம் இதுதான். நிலையத்துக்குப் புதிதாக வந்த அதிகாரிக்கு மாடல் செய்கிற பித்து. இரண்டடி உயரத் தீயணைப்பு வீரன் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். ஒட்டி, உரசி, வர்ணமடித்து நாம்தான் அதை ஆளாக்க வேண்டும். பொம்மை என்று யாராவது சொன்னால் அதிகாரிக்கு முகம் சுருங்கிவிடும். புதுப்பித்த நிலையத்தின் முன் கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அதை நிறுத்துவதாகத் திட்டம். பேழைக்குப் பூட்டு போட்டவனே நான்தான். ஆனால் பெட்டி வழியில் எங்கேயோ மிதிபட்டு, கைகளும் தண்ணீர் பீய்ச்சும் மூக்கும் நொறுங்கிவிட்டன. உதிரிப் பாகம் கிடையாது என்று கம்பெனிக்காரன் கைவிரித்துவிட்டான். திறப்பு விழாவோ அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

"நான் சொல்லிட்டேன்" என்றார் அண்ணன். "எங்க வீட்ல ஒருத்தி இருக்கா சார், ஊர்ல பாதிப் பேர் வாய்க்குள்ள அவ வேலைதான் இருக்கு, கை என்ன பெரிய விஷயம்னு."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லுவியே."

"இப்பவும் சொல்றேன், முடியாது. மூணு மேல் பல் செட்டு பாக்கி கிடக்கு."

"பேழைக்குள்ள அட்டை வெப்பாராம். செஞ்சது யாருன்னு அதுல எழுதுவாராம்."

அண்ணி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "என் பேரா?"

"உன் பேருதான்."

"டாக்டர் பேரு இல்லியே?"

"டாக்டருக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்? உன் பேரு."

அண்ணி உடைந்த விரல் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இதெல்லாம் ஒரு கையா? ரப்பர் உறைக்குள்ள காத்து ஊதின மாதிரி இருக்கு. நரம்பு இல்ல, முட்டி இல்ல" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பிடிக்காத வேலையை அண்ணி குறை சொல்லவே மாட்டார், தள்ளி வைத்துவிடுவார். குறை சொல்ல ஆரம்பித்தால் கை நமநமக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் மாடலே வீட்டுக்கு வந்தது, கைகள் இல்லாமல். தலைக்கவசம், கால்சட்டை மடிப்பு, முகத்தில் கரி எல்லாம் அதிகாரி அருமையாகச் செய்திருந்தார். நான் குறை சொல்லியே பழகியவன், எனக்கே குறை கிடைக்கவில்லை. அண்ணனுக்குக் கிடைத்தது. பெட்டி மேலிருந்த படத்தில் அந்த வீரன் நெஞ்சை நிமிர்த்தி, தண்ணீர் மூக்கை ஒரு கையால் பூங்கொத்து நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தான். அந்த மூக்குக்கு நிலையத்தில் ‘பிராஞ்ச்’ என்று பெயர்.

"பிராஞ்சை இப்படியா பிடிப்பாங்க? தண்ணி வந்த அடுத்த நிமிஷம் இவன் எதிர்த்த வீட்டு மொட்டை மாடியில கிடப்பான்" என்றார் அண்ணன்.

"எப்படிப் பிடிக்கணும்? பிடிச்சுக் காட்டுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் கூடத்துப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். வலது கை முன்னால், மூக்கின் கழுத்தில். இடது கை கீழேயிருந்து தாங்கியபடி. முழங்கை விலாவோடு ஒட்டி. கால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

"சும்மா நின்னா நரம்பு தெரியாது. தம்பி, நீங்க எதிர்ல இருந்து தள்ளுங்க" என்று அண்ணி எனக்கு உத்தரவு போட்டார்.

நான் பாயின் முனையைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். அண்ணன் அசையவில்லை. அறுபத்திரண்டு வயசு என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். மழைக்கு ஒதுங்கிய எதிர்வீட்டு அம்மா எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பாய்க்கு அடிச்சுக்கிறாங்களா?" என்று கேட்டது கீழேயிருந்து காதில் விழுந்தது. அண்ணி சிரிக்கவில்லை. கவ்வி மாதிரி ஒரு அளவுகோலை வைத்து ஒவ்வொரு கணுவாக அளந்து, மூன்றில் ஒரு பங்காக்கிக் குறித்துக்கொண்டே இருந்தார்.

"கட்டைவிரலை அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்."

"நெஜமா அழுத்துங்க. தீ எரியுதுன்னு நெனச்சுக்குங்க."

"தீ எரிஞ்சா நீ இவ்வளவு பக்கத்துல நிக்க முடியாது."

"வாய் மட்டும் ஓயாது. அசையாதீங்க."

இப்படி மூன்று மதியம். அண்ணன் பாயோடு நிற்பார், நான் தள்ளுவேன், அண்ணி மெழுகைச் செதுக்குவார். பல்லுக்கு மெழுகு செதுக்குகிற மெல்லிய கத்தி அது. விளக்கில் காட்டிச் சூடாக்கி ஒரு இழு இழுத்தால் ஒரு நரம்பு எழுந்து வரும். புறங்கையில் அண்ணனுக்கு ஒரு தீக்காயத் தழும்பு உண்டு, கசங்கின காகிதம் மாதிரி. அதையும் செதுக்கினார். கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஓடுகிற பிளவு, மணிக்கட்டு எலும்பு, ஒன்றும் விடவில்லை. பிடிக்கும் விதம் மாறிவிட்டதால் பழைய சட்டைக் கை பொருந்தவில்லை. என் ரம்பத்தை வாங்கி அதை முழங்கை வரை அறுத்தே எடுத்துவிட்டார் அண்ணி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். பசையில் ஊறவைத்த மெல்லிய துணியை மடித்து அண்ணி புதுச் சட்டைக் கை செய்தார்.

பிராஞ்ச் என் பொறுப்பு. பழைய கதவுப் பூட்டு ஒன்றின் பித்தளை உருளையை மேசை இடுக்கியில் மாட்டி, அரத்தால் ராவி ராவிக் கூம்பாக்கினேன். முதலில் செய்தது கையின் பிடிக்குள் ஆடியது. "கைக்குத் தகுந்த மாதிரி பண்ணுங்க தம்பி" என்று அண்ணி மெழுகுக் கையைக் கீழே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்தக் கையின் பிடிக்குள் நுழைத்துப் பார்த்துப் பார்த்தே இரண்டாவதை ராவினேன். விரல் விரலாகத் தொட்டுத்தான் ராவினேன். இதைப் பின்னால் நினைத்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று கணக்கில்லை.

சனிக்கிழமை மெழுகுக் கைகளை, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வெள்ளை மாவைக் குழைத்த கட்டிக்குள் புதைத்தார் அண்ணி. மழை ஈரத்தில் கட்டி காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி அதன் பக்கத்தில் வைத்தார். காய்ந்ததும் மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மாவைப் பிசைந்து திணித்து, இரும்புச் சிமிழில் இறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். பெரிய பாத்திரம் அந்த வீட்டில் ஒன்றுதான்.

"என்ன அண்ணே, இன்னிக்கு என்ன சமையல்?" என்று நான் படியேறிக்கொண்டே கேட்டேன்.

"என் கை வேகுது" என்றார் அண்ணன் சோகமாக. "எனக்கு ரொட்டியும் அவிச்ச முட்டையும்தான். முட்டையையும் அதுலயே போட்டுடலாம்னு சொன்னேன், அடிக்க வந்துட்டா."

முதல் வார்ப்பு பாழ். அவசரப்பட்டுச் சூடு ஆறுமுன் சிமிழைத் திறந்ததில், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அண்ணி அதைப் பார்த்தார், குப்பையில் போட்டார், மெழுகு விளக்கை மறுபடி பற்றவைத்தார். பிடிவாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது வார்ப்பு செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது. ஈறுக்குள் ரத்த ஓட்டம் தெரிவதற்காக அந்த மாவில் சிவப்பு இழை கலந்திருக்கும். அது தோலுக்கு அடியில் நிஜ ரத்தம் போலவே தெரிந்தது. மேலே பழுப்பு ஏற்றி, பல் நிறத் தூளைக் குழைத்து நகம் வைத்து, நகத்துக்கடியில் கரி தீட்டி, தூரிகை மயிரை நறுக்கி மணிக்கட்டில் ஒவ்வொன்றாக நட்டார். புதன்கிழமை சாயங்காலம் மாடலில் பொருத்தி, பிராஞ்சைப் பிடிக்குள் செருகியபோது நாங்கள் மூன்று பேரும் ஓரடி தள்ளி நின்று பார்த்தோம். அது தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கையைப் பார்த்தால் எதிரே தீ இருப்பது தெரிந்தது. 

"என் கையேதான்" என்றார் அண்ணன்.

"பின்ன யார் கையாம்?" என்றார் அண்ணி. அவர் முகத்தை அப்படி ஒரு நிறைவோடு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் மாடலைக் குளியல் துண்டில் சுற்றி, இரண்டு குடை பிடித்து நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அதிகாரி நாற்பது வயசுக்குள் இருப்பார், நேர்த்தியான மனுஷர். துண்டை விலக்கியதும் அவர் மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார். தழும்பைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "அம்மா, என்னம்மா இது! இருபது வருஷமா மாடல் செய்யறேன், இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்ல" என்றார். அண்ணிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

அப்புறம் அவர் ஒரு கணம் நின்றார். ஆள்காட்டி விரலை நீட்டி மெதுவாக எண்ணினார்.

"சுண்டுவிரல் பாதிதான் இருக்கு."

நாங்கள் பார்த்தோம். பாதிதான் இருந்தது.

மூன்று மதியம் அளந்தவர் அண்ணி. நின்று காட்டியவர் அண்ணன். விரல் விரலாகத் தொட்டு ராவியவன் நான். மூன்று பேருக்கும் அது தெரியவே இல்லை. அந்த வீட்டில் கை என்றால் அதுதான். அதில் ஏதோ குறைகிறது என்று யாருக்கும் தோன்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அண்ணன் தன் வலது கையை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றார் அதிகாரி. "நாளைக்குக் காலையில பெரிய அதிகாரி வர்றாரு. உடைஞ்சு வந்ததைச் சரிபண்ணக் குடுத்தேன். மறுபடி உடைஞ்ச மாதிரியே நின்னா என்ன சொல்றது? மத்ததெல்லாம் உயிரா இருக்கு. இது மட்டும்..."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கால் கட்டைவிரலை மிதித்தார், செருப்போடு.

"மறந்துட்டேன் சார்" என்றார் அண்ணி. "காலையில விரலோட இருக்கும்."

மாடலைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு வீடு வந்து மாடியேறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணி மறைச்சீங்க? இது எங்க வீட்டுக்காரர் கை, இதே நிலையத்துல வேலை பார்த்தப்போ போன விரலுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவர் ஆடிப்போயிருப்பாரே!"

"ஆடிப்போவாரு. ஐயோ பாவம்னு சொல்லி அப்படியே வெச்சுப்பாரு" என்றார் அண்ணி. "பாவம் பாத்து என் வேலையை யாரும் வெச்சுக்க வேண்டாம் தம்பி."

"சொல்லாததே சரி" என்றார் அண்ணன். "சொல்லியிருந்தா நாளைக்கு வர்ற பெரிய மனுஷன்கிட்ட என் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுவாங்க. நான் என்ன கண்காட்சியா? நீ விரலை ஒட்டிடும்மா. கொண்டைக்கடலை அளவு சமாச்சாரம்."

"கொண்டைக்கடலையா?" அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னிக்கு அந்தக் கையில கட்டோட வந்து வாசல்ல நின்னீங்களே, நெனப்பிருக்கா? பிராஞ்சை விட்டுட்டா மாடியில தீக்குள்ள சிக்கின பசங்க மேல பாயற தண்ணி நின்னுடும்னு, இணைப்பு விரலை நசுக்க நசுக்க விடாம நின்னேன்னு சொன்னீங்க. ரெண்டு மாசம் நான் சோறு ஊட்டினேன். இப்ப அதுல முழு விரலை ஒட்டச் சொல்றீங்க. ஒட்டினா அது வேற எவனோட கையோ."

"அட்டையில உன் பேரு வேணாமா?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு வேணும்" என்றார் அண்ணன். "நீ செஞ்சது எல்லாமே இத்தனை வருஷமா யார் யார் வாய்க்குள்ளயோ ஒளிஞ்சு கிடக்கு. ஒண்ணாவது வெளியில நிக்கட்டும். என் விரல் போனா போகுது. அது ஏற்கெனவே போனதுதானே?"

அண்ணி எழுந்து விளக்கைப் பற்றவைத்தார். பொழுது விடிவதற்குள் விரல் தயார். அப்பழுக்கில்லாத விரல், நகமும் ரேகையும் எல்லாமுமாக. ஆனால் அதன் அடியில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மாடல் கையில் அதற்குச் சரியாக ஒரு ஊசித்துளை.

"ஒட்டலியா?" என்றேன்.

"ஒட்ட மாட்டேன். மாட்டிக் கழட்டறதுதான். எனக்குத் தெரிஞ்சது பல் செட்டு தம்பி. இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுவோம். ஆனா ராத்திரி கழட்டி வெச்சுட்டா ஆளு அவனேதான்."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. நேரத்தோடு மாடலைக் கொண்டுபோய்ப் பேழைக்குள் நிறுத்தி அண்ணி விரலை மாட்டினார். "இழுத்தா வந்துடும் சார், அழுத்தித் துடைக்காதீங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரிக்குப் பரம திருப்தி. அட்டையில் அண்ணியின் முழுப் பெயர் அச்சாகியிருந்தது. அண்ணி அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

பழைய ஆட்கள், வேலையில் இருக்கிற ஆட்கள், தெரு சனம் என்று கூடம் நிறைந்தது. அதிகாரி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்கி உள்ளே அனுப்பினார். அண்ணன் முறை வந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தார். அதிகாரி விடவில்லை, கையை நீட்டிவிட்டார். நீட்டின கையை மறுக்க முடியுமா? அண்ணன் பையிலிருந்து கையை எடுத்துக் கொடுத்தார்.

குலுக்கின கை பாதியில் நின்றது. அதிகாரி குனிந்து தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தார். தழும்பு. நகப்பிளவு. சுண்டுவிரல். கையை விடாமலே தலையைத் திருப்பிப் பேழையைப் பார்த்தார். பிறகு என் அண்ணியை. அவர் முகத்தில் ஓடியதை நான் எப்படிச் சொல்வேன்? பாவம் பார்க்கிற முகம் இல்லை அது. வகுப்பில் தப்பாகப் பதில் சொல்லிவிட்டு உடனே சரியான பதில் தெரிந்துவிட்டவனின் முகம்.

வெளியே பெரிய அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். நிலைய அதிகாரி மட்டும் பேழைக்குப் போனார். நான் போட்ட பூட்டு, ஒரே திருப்பில் திறந்தது. குனிந்து அந்தச் சின்ன விரலை இழுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அட்டையை எடுத்துப் பேனாவால் ஏதோ கிறுக்கித் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார்.

பெரிய அதிகாரி வந்தார், பார்த்தார், வியந்தார். கடைசியில், "விரல் ஒண்ணு உடைஞ்சிருக்கே?" என்றார்.

"இல்லீங்க ஐயா" என்றார் எங்கள் அதிகாரி, விறைப்பாக நின்று. "சரியா இருக்கு. நான் எண்ணிப் பார்த்துட்டேன்."

கூட்டத்தில் பழைய வண்டி டிரைவர் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடே, இது நம்ம பெல்லு கைடா!" என்று கத்தினார். அவ்வளவுதான், ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். அண்ணன் கையை யாரும் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை. அவரே கைகட்டிக்கொண்டு, அந்தப் பாதி விரல் வெளியே தெரிய நின்றார்.

கூட்டம் கலைந்ததும் அதிகாரி அந்த விரலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது உங்களுதுதானே?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"எனக்கு எதுக்கு சார்? அது இல்லாமத்தான் பழக்கம்."

"குடுங்க, நான் செஞ்சது" என்று அண்ணி வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகுதான் பேழைக்குப் பக்கத்தில் போய் அட்டையை நின்று நிதானமாகப் படித்தார். அச்சடித்த அவர் பெயருக்குக் கீழே பேனாவால் ஒரு வரி, அதற்கடியில் கையெழுத்து.

"ஏங்க, கண்ணாடி எடுத்துட்டு வரலை, எழுத்து சரியாத் தெரியல. என்ன எழுதியிருக்காரு, படிங்க" என்றார் அண்ணி. அவருக்கு எழுத்து நன்றாகவே தெரியும். தூரிகை மயிரை ஒவ்வொன்றாக நட்ட கண் அது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்.

"விரல்கள் நாலரை. சரிபார்க்கப்பட்டது."